லப்டொப்பில் ஓடுகிற கடையை லண்டனில் திறக்க முடியுமா?

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியை விட்டு நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 27 வயது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சரி. அவருடைய அம்மாவும் அயலில் உள்ள சில பெண்களும் சேர்ந்து ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பினாட்டு, தேன், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று பொதி செய்து விற்கிறார்கள். ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான், அதிலும் பாதி வெளிநாட்டிலிருந்து வருவது: லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பிள்ளைகள் இங்கே ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்புகிற ஓடர்.

மாமாவின் மகன், அதாவது மச்சான், வவுனியாவில் கணினி படிக்கிறார். லீவில் வந்தபோது இவருடைய லப்டொப்பில் எக்ஸாம்ப் (கணினியையே சேர்வர் போல ஓடவைத்துப் பழக உதவுகிற இலவசப் பொதி) போட்டு, அதற்குள் ஓபன்கார்ட் என்ற இலவச சொப்பிங் கார்ட் மென்பொருளை நிறுவி, கடையின் தோற்றத்தை அமைக்கிற விலையுயர்ந்த தீம் ஒன்றையும் எங்கிருந்தோ எடுத்து ஏற்றி, கடையை வடிவாக அமைத்துக் கொடுத்திருக்கிறார். இவருடைய போனிலும் கடை திறந்தது. அந்தப் புளுகத்தில் 192.168.1.5 என்று தொடங்கும் அந்த முகவரியை லண்டனில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பினால், அங்கே திறக்கவேயில்லை. மச்சானோ, "ரவுட்டரில் ஒரு செட்டிங் மாற்றினால் சரி, ஹொஸ்டிங்குக்கு வீண் காசு கட்டவேண்டாம், எங்கள் தரவு எங்கள் வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்கும்" என்கிறாராம். யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பார்த்த ஒருவர் மென்பொருள் லைசன்ஸ், எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்), ஹொஸ்டிங் (கடையை வைக்க வாடகைச் சேர்வரில் இடம்), டொமைன் (கடையின் இணைய முகவரிப் பெயர்) என்று நான்காகப் பிரித்து ஒரு பெரிய தொகை சொல்லி, டொமைனைத் தன் பெயரில் பதிந்து "பார்த்துக்கொள்வதாக"ச் சொல்லியிருக்கிறார். எது சரி, யாரை நம்புவது, தமிழிலேயே இணைய முகவரி எடுக்கலாமா என்பவை கேள்விகள்.

தங்கச்சி, முதலில் மச்சானைப் பேசாதீர்கள். அவர் செய்து தந்தது பிழையான வேலை இல்லை, பாதி வேலை. லப்டொப்பா சேர்வரா என்று ஒன்றைத் தெரிவு செய்யவேண்டியதும் இல்லை. இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு அலுவலுக்கு. கடையைக் கட்டிப் பழகுவதற்கு லப்டொப், விற்பதற்கு வாடகைச் சேர்வர், அதாவது எந்நேரமும் இணையத்தில் இருக்கிற வேறொருவரின் கணினி. இந்தக் கோட்டைக் கலந்துவிட்டால்தான் பின்னால் தலையிடி.

பெரியம்மாவுக்கு ஏன் திறக்கவில்லை

192.168 என்று தொடங்குகிற இலக்கம் உங்கள் வீட்டு ரவுட்டர் வீட்டுக்குள் உள்ள கருவிகளுக்குக் கொடுக்கிற இலக்கம். வீட்டு வாசலைத் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை, ஏனென்றால் உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே இலக்கங்கள்தான் ஓடுகின்றன. பெரியம்மா அதைத் தட்டியபோது அவருடைய போன் கிளிநொச்சிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது, லண்டன் வீட்டுக்குள்ளேயே அந்த இலக்கத்தில் ஏதாவது டிவியோ பிரிண்டரோ இருக்கிறதா என்று தேடிவிட்டு ஓய்ந்திருக்கும். உங்கள் போனில் திறந்ததற்குக் காரணம் உங்கள் போனும் லப்டொப்பும் ஒரே வைஃபையில் இருந்தது. வைஃபையை நிறுத்தி டேட்டாவைப் போட்டு ஒருக்கால் திறந்து பாருங்கள், உங்களுக்கும் வராது.

மச்சான் சொல்கிற ரவுட்டர் செட்டிங் இருக்கிறதுதான், வெளியிலிருந்து வருகிறவரை லப்டொப்புக்குத் திருப்பிவிடுகிற அதை போர்ட் ஃபோர்வேர்டிங் என்பார்கள். ஆனால் நீங்கள் வைத்திருப்பது சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை இணைப்புகளில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்துதான் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற ஆள் அந்தப் பொது முகவரி வரைக்கும் வரலாம், அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வழி இல்லை, உங்கள் ரவுட்டரில் எதைத் திருகினாலும் இல்லை. நிலையான பொது முகவரி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. அப்போது ஹொஸ்டிங்கில் மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன காசு இங்கே போய்விடும்.

சரி, எப்படியோ வழி திறந்துவிட்டது என்றே வையுங்கள். லண்டனில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் வேலை முடித்து வந்து சாமான் தெரிவு செய்கிற நேரம் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். ரொறன்ரோவில் இரவு எட்டு என்றால் இங்கே மறுநாள் விடியல். அந்த நேரமெல்லாம் உங்கள் லப்டொப் மூடாமல், உறங்காமல், விண்டோஸ் அப்டேட் என்று தானாக மறுபடி தொடங்காமல் இருக்கவேண்டும். கரண்ட்டைப் பற்றி வன்னியில் இருக்கிறவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அது நெருக்கடிக் காலம் என்று விடுவோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கு நாடு முழுக்க இருண்டது. வாடகைச் சேர்வர் இருக்கிற இடத்தில் ஜெனரேட்டரும் இரண்டாவது இணைப்பும் அதற்கென்று ஆட்களும் இருப்பார்கள். நீங்கள் கட்டுகிற காசில் பெரும்பங்கு அதற்குத்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எக்ஸாம்ப்பைச் செய்கிறவர்களே அதை வெளியுலகுக்குத் திறந்து வைக்கவேண்டாம் என்கிறார்கள். பழகுகிறவருக்கு இலகுவாக இருக்கட்டும் என்று எல்லாக் கதவையும் திறந்தே வைத்துத் தருகிற பொதி அது. பொருளும் ஓடரும் பதிகிற அதன் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்கான ரூட்டுக்கு, நாங்களாக வைக்காவிட்டால், கடவுச்சொல்லே கிடையாது. அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டால், தானாகத் தேடித் திரிகிற புரோகிராம்கள் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது. அதே லப்டொப்பில் உங்கள் வங்கி அலுவல், குடும்பப் படங்கள், அம்மாவின் அடையாள அட்டை ஸ்கான் எல்லாம் இருக்கும்தானே? "எங்கள் வீட்டிலேயே பாதுகாப்பு" என்கிற கதை இந்த இடத்தில் தலைகீழாகப் போகிறது.

லப்டொப்பில் இருப்பதை அழிக்கவேண்டாம்

அது உங்கள் பட்டறையாக இருக்கட்டும். அதில் டேட்டா போகாது, மாதக் காசு இல்லை, உடைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. பொருட்களை ஏற்றிப் பாருங்கள், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தெரிவுகள் வைத்துப் பாருங்கள், கிளிநொச்சிக்குள் அனுப்ப ஒரு கட்டணம், கொழும்புக்கு ஒரு கட்டணம் என்று போட்டுப் பாருங்கள். நீங்களே பத்துப் பொய் ஓடர் போட்டு, ரத்துச் செய்து, இருப்பு சரியாகக் குறைகிறதா கூடுகிறதா என்று வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவையும் ஒருமுறை வாங்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று உதவி செய்யாமல்; அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே மற்றவர்களும் முழிப்பார்கள்.

லப்டொப்பில் பரீட்சிக்க முடியாதவை இரண்டு. ஒன்று, ஓடர் வந்ததும் போகவேண்டிய மின்னஞ்சல். தனியாக ஒழுங்கு செய்யாவிட்டால் போகாது. மற்றது காசு. பேஹியர் போன்ற கொடுப்பனவுச் சேவை எப்படி வேலை செய்கிறது என்றால், வாங்குகிறவர் அட்டை இலக்கத்தை அவர்களுடைய பக்கத்தில் கொடுத்து முடித்ததும், "காசு கிடைத்துவிட்டது" என்ற செய்தியை அவர்களுடைய சேர்வர் உங்கள் கடையின் ஒரு முகவரிக்கு நேரடியாக அனுப்பும். லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி' என்ற முகவரிக்கு அந்தச் செய்தி வந்து சேர வழியே இல்லை. காசு வங்கியில் விழும், கடையில் ஓடர் "நிலுவை" என்றே நிற்கும். பழகுவதற்கு அவர்களிடம் சான்ட்பொக்ஸ் என்ற பரீட்சைக் கணக்கு இருக்கிறது, அதைச் சேர்வரில் ஏற்றிய பிறகு பயன்படுத்துங்கள். மச்சானுக்கு ஆர்வமென்றால் என்கிரொக் போன்ற கருவியால் லப்டொப்புக்கு ஒரு தற்காலிக வெளிமுகவரி எடுக்கலாம், பெரியம்மாவுக்கு அரை மணித்தியாலம் காட்டவும் அது போதும். காட்டிவிட்டு மூடிவிட வேண்டும்.

அட்டைக் காசு வாங்குகிற வெளிநாட்டுச் சேவையான ஸ்ட்ரைப் எடுக்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இலங்கையில் பதிந்த வியாபாரத்துக்கு அவர்கள் கணக்குத் தருவதில்லை. வெளிநாட்டு உறவினர் பெயரில் எடுத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், காசு அவருடைய பெயருக்குப் போகும், வரிக் கேள்வியும் அவரிடம்தான் போகும். அந்தச் சிக்கலுக்குள் பெரியம்மாவை இழுக்காதீர்கள்.

ஏற்றும்போது சறுக்குகிற இடங்கள்

லப்டொப்பில் அச்சொட்டாக ஓடியது சேர்வரில் ஏன் உடைகிறது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது படங்களின் பெயரை. விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். வாடகைச் சேர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே அவை வேறு வேறு. கமராவில் இருந்து வந்த படத்தின் பெயர் பெரிய எழுத்தில் முடிந்து, கடையில் சின்ன எழுத்தில் பதிந்திருந்தால், பனங்கட்டிப் படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் தெரியும். எல்லாப் பெயரையும் இப்போதே சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள், இடைவெளி விடாமல். அப்படியே படங்களையும் சுருக்குங்கள்: போனில் எடுத்தது நாலைந்து எம்பி இருக்கும், 200 கேபி தாராளம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் நின்று உங்கள் கடையைத் திறக்கிறவரையும் நினையுங்கள்.

அடுத்தது கொன்ஃபிக் ஃபைல், கடையின் அமைப்பு விபரங்கள் எழுதியிருக்கிற ஃபைல். ஓபன்கார்ட்டில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது, கடைக்கு ஒன்று, நிர்வாகப் போல்டருக்குள் ஒன்று. இரண்டிலும் லப்டொப்பின் முகவரியும் சி டிரைவ் பாதையும் தரவுத்தளப் பெயரும் எழுதியிருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் கடை திறக்கும், நிர்வாகப் பக்கம் திறக்காது, அல்லது மறுவளமாக. சேர்வரில் பி.எச்.பி (ஓபன்கார்ட் எழுதப்பட்டிருக்கிற கணினி மொழி) எந்தப் பதிப்பு என்று பார்த்து லப்டொப்பிலும் அதையே வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. தரவுத்தளம் யூரிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துமுறையில் இருக்கிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏற்றி இறக்கும்போது "புழுக்கொடியல்" கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். ஏற்றி முடிந்ததும், நிறுவுவதற்கு மட்டும் தேவைப்பட்ட இன்ஸ்டோல் போல்டரை அழிக்கவேண்டும், மறக்கக்கூடாது.

இவையெல்லாம் ஒரு நாளில் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாத பிழை ஒன்று இருக்கிறது, அதை ஆறுதலாக வாசியுங்கள். கடை சேர்வரில் ஓடத் தொடங்கி ஓடர் வரத் தொடங்கிய பிறகு, லப்டொப்பில் ஏதோ திருத்தம் செய்துவிட்டு "முழுவதையும் ஒருமுறை ஏற்றிவிடுவோம்" என்று தரவுத்தளத்தையும் சேர்த்து ஏற்றினால், இடையில் வந்த ஓடர், பதிந்த வாடிக்கையாளர், குறைந்த இருப்பு எல்லாம் அழிந்து, பழைய லப்டொப் பிரதி அங்கே உட்கார்ந்துவிடும். அதன் பிறகு காசு கட்டியவர் யார், எந்த முகவரிக்கு என்ன அனுப்பவேண்டும் என்று வங்கிக் கணக்கை வைத்துத் தேடவேண்டி வரும். கடை திறந்த நாளிலிருந்து வடிவமைப்பு ஃபைல்கள் மட்டும் லப்டொப்பிலிருந்து மேலே போகலாம். தரவுத்தளம் சேர்வரிலிருந்து கீழே மட்டும் வரவேண்டும். அந்தக் கீழே வருகிற பிரதிதான் உங்கள் பக்கப். கிழமைக்கு ஒருமுறை இறக்கி ஒரு யுஎஸ்பியிலும் போட்டு வைத்தால், "எங்கள் தரவு எங்கள் வீட்டில்" என்ற மச்சானின் ஆசையும் நியாயமான முறையில் நிறைவேறும்.

அந்தத் தீம் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கவேண்டியதை இலவசமாகத் தருகிற தளங்கள் தர்மத்துக்குத் தருவதில்லை, பல நேரம் உள்ளே களவாகக் கோட் செருகியிருக்கும். கழற்றிவிடுங்கள். ஓபன்கார்ட்டோடு வருகிற சாதாரண தீம் உங்களுக்குப் போதும்.

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்ன விலை

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்குக் கூலி கேட்பது நியாயம், அமைத்துத் தரவும் பிறகு பராமரிக்கவும் நேரம் போகும். ஆனால் பட்டியலில் இரண்டைத் தனியாகக் கேளுங்கள். ஓபன்கார்ட் ஜிபிஎல் உரிமத்தில் வருகிற இலவச மென்பொருள், தளம் கட்டுகிற வேர்ட்பிரஸ்ஸும் அதில் கடை சேர்க்கிற வூகொமேர்ஸும் அப்படித்தான். "மென்பொருள் லைசன்ஸ்" என்று எதற்குக் காசு? எஸ்எஸ்எல்லும் அப்படி. அது இல்லாத தளத்தை 2018இலிருந்து குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது, ஆகவே அது கட்டாயம் வேண்டும். ஆனால் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹொஸ்டிங்கில் அது சேர்ந்தே வரும். கேட்டால் அவரே குறைப்பார் என்று நினைக்கிறேன்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது டொமைன். அது யாருடைய பெயரில் பதிந்திருக்கிறதோ அவருடையதுதான் கடையின் பெயர்ப்பலகை. நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வரலாம், அவர் வெளிநாடு போகலாம், போன் இலக்கம் மாறலாம். அப்போது புதுப்பிக்கும் அறிவித்தல் அவருடைய மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே கிடக்கும். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் இலக்கத்தில் பதியுங்கள். ஹொஸ்டிங் கணக்கும் அப்படியே. அவருக்கு வேலை செய்யத் தனியாக ஒரு நுழைவு கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கிற ஆளாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஹொஸ்டிங்கை நீங்களே எடுத்தால், முதலாம் வருட விலையைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள், அங்கேதான் விலை ஏறும். உங்கள் அளவுக்கு, ஒரே சேர்வரைப் பலர் பங்குபோடுகிற பகிர்வு ஹொஸ்டிங் தாராளம், தனிச் சேர்வர் என்று யாரும் விற்க வந்தால் வேண்டாம். சொப்பிஃபை போல மாதக் காசு கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்க்கிற வழியும் இருக்கிறது. நிறுவுகிற தொல்லை எதுவும் இல்லை. ஆனால் டொலரில் கட்டவேண்டும், அவர்களுடைய சொந்தக் கொடுப்பனவுச் சேவை இலங்கையில் இல்லாததால் வெளிச்சேவை ஒன்றை இணைக்கவேண்டும், அதற்கு அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் மேலதிகமாக 2 சதவீதம் எடுப்பார்கள். பனங்கட்டி விற்கிற இலாபத்தில் அது கடிக்கும்.

பதிவும் சட்டமும்

கொடுப்பனவுச் சேவையோ வங்கியோ வியாபாரக் கணக்குக்கு வியாபாரப் பதிவைக் கேட்கும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், அம்மாவின் பெயரிலா, குழுவாகப் பங்குடைமையிலா என்பதை இப்போதே உட்கார்ந்து கதையுங்கள், காசு வரத் தொடங்கிய பிறகு கதைப்பது கஷ்டம். பெயரும் முகவரியும் போன் இலக்கமும் சேர்க்கிற கடைக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதை முழுமையாக நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப்போட்டிருந்தாலும், தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதை இப்போதே பழகலாம்: பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் ஒடியல் மா அனுப்ப எதற்கு? அட்டை இலக்கங்களை எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கடையில் சேமிக்காதீர்கள், வட்ஸ்அப்பில் படமாக வாங்கவும் வேண்டாம்.

தமிழில் முகவரி எடுக்கலாம். .இலங்கை என்ற முடிவு 2010இலேயே வந்துவிட்டது. எடுத்தால் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையின் போனில் தமிழ் விசைப்பலகை இருக்காது, அதனால் ஆங்கில எழுத்தில் ஒரு .எல்கே முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியைத் தட்டினால் அதற்கே போகும்படி செய்துவிடுங்கள். இரண்டையும் வியாபாரப் பெயர்ப் பதிவு கைக்கு வந்த பிறகு, அதே பெயரில் எடுங்கள். அது வரும்வரை மச்சானோடு இருந்து படங்களின் பெயரை மாற்றுகிற வேலையைத் தொடங்கலாம்.